ஸ்மௌக் வந்த இரண்டாம் பாகம்: சேர்த்தது குத்தமா, அறுத்தது குத்தமா?

காங்கேயம்_வாசகர்:

டோல்கீன் எழுதின 'தி ஹாபிட்' நாவலை வெச்சு எடுத்த மூணு படத்துல ரெண்டாவதான 'தி டெசொலேஷன் ஆஃப் ஸ்மௌக்' பத்திப் பேச்செடுத்தாலே, "புத்தகத்துல இல்லாததை எல்லாம் சேர்த்துட்டாங்க"ன்னு அதுலயே நின்னு போகுதுங்க. எல்ஃப் இனத்துப் பொண்ணு டாரியல் புத்தகத்துல கிடையாது, 1937-ல வந்த நாவல்ல லெகோலஸ்ங்கற எல்ஃபும் கிடையாது. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சேர்த்ததை விட, அறுத்ததுதான் இந்தப் படத்தைக் கெடுத்ததுன்னு தோணுது. அதை மட்டும் இங்க பேசலாமுங்க.

புத்தகத்துல ஒரு காரியம் அடுத்த காரியத்தை இழுத்துட்டு வரும். ஸ்மௌக்ங்கற டிராகன் பிடுங்கிக்கிட்ட மலையையும் தங்கத்தையும் மீட்கப் போற பதிமூணு குள்ளர்கள், திருடனாக் கூட்டிட்டுப் போற ஹாபிட்தான் பில்போ. அவன் முதல் தடவை மலைக்குள்ள இறங்கி, ரெண்டு கைப்பிடி வெச்ச கிண்ணம் ஒன்னைத் தூக்கிட்டு வர்றான். ஸ்மௌக் முழிச்சதும் கிண்ணம் காணாமப் போனது தெரிஞ்சு வெறி பிடிச்சு வெளிய வருது. ரெண்டாம் தடவை போயி பேச்சுக் குடுக்கறான். பேரைச் சொல்லாம விடுகதையாவே பேசிட்டு வந்தவன், பெருமை தாங்காம, பீப்பாய்ல சவாரி வந்தவன்னு ஒரு வார்த்தையை விட்டுர்றான். பீப்பாய்னா ஏரி ஊர்க்காரங்க சோலின்னு டிராகன் கணக்குப் போடுது. ஊர் எரியறதுக்கு அந்த ஒத்தை வார்த்தைதான் வித்து. அதே பேச்சுலயே டிராகனைப் புகழ்ந்து புகழ்ந்து பொரள வெச்சு, இடது மார்புல மூடாத ஒரு இடத்தைப் பார்த்துக்கறான். திரும்பி வந்து குள்ளர்கள்கிட்டச் சொல்றப்ப, பாறையில உக்காந்திருக்கிற கிழட்டுப் பூங்குருவி அதைக் கேக்குது. குருவி பறந்து போயி ஏரி ஊர் வில்லாளி பார்டுகிட்டச் சொல்லுது. பார்ட் அம்பு விடறான்.

ஆக, ஊர் எரிஞ்சதும் பில்போவால, டிராகன் செத்ததும் பில்போவால. ஒரே பேச்சுல ரெண்டும். புத்தகத்தோட நடுத்தூணே இதுதான்.

படத்துல கிண்ணம் இல்லை. டிராகன் உடம்புல ஒரு செதில் பேந்த சேதியை பார்டோட மகன் ஏரி ஊர்லயே சொல்லிர்றான். பில்போ அதை மலைக்குள்ள கண்ணால பார்க்கறான், சரி. ஆனா பார்த்த சேதி வெளிய யாருக்கும் போகறதில்லை. மூணாம் படத்துல பார்ட் தானாவே அந்த இடத்தைப் பார்த்துக்கறான். பில்போ உள்ளே போகலைன்னாலும் டிராகன் செத்திருக்கும். இதைத்தான் அறுத்ததுன்னு சொல்றேன்.

திருப்பூர்_திரை:

நல்ல இடத்துல கை வெச்சீங்க அண்ணா. ஒன்னே ஒன்னு, பீப்பாய் வார்த்தை படத்துலயும் இருக்குதுங்க. ஸ்மௌக் அதைப் பிடிச்சுக்கிட்டு ஏரி ஊர்க்காரங்களைச் சந்தேகப்படற இடமும் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் குள்ளர்கள் உலையைப் பத்த வெச்சு, உருகின தங்கத்தைச் சிலையா வார்த்து டிராகன் மேல கொட்டறது, துரத்தல்னு நீளமா ஓடுது. அது முடிஞ்சு டிராகன் ஊரை நோக்கிக் கிளம்பறப்ப, எந்த வார்த்தையால கிளம்புச்சுன்னு பார்க்கறவங்களுக்கு மறந்தே போயிருது.

இது ஏன் இப்படி ஆச்சுங்கறதுக்கு தேதியைப் பார்த்தாலே போதும். முதல்ல ரெண்டே படம்னுதான் திட்டம். இயக்கறதா இருந்த கில்லர்மோ டெல் டோரோ 2010-ல விலகி, பீட்டர் ஜாக்சன் கைக்கு வந்துச்சு. முக்கியமான ஷூட்டிங் எல்லாம் 2012 ஜூலையில முடிஞ்சுது. மூணு படம்னு அறிவிச்சது அதே ஜூலைக் கடைசியில. அதாவது ரெண்டு படத்துக்கு எழுதி எடுத்ததை நடுவுல வெட்டி மூணாக்கினாங்க. வெட்டின எடத்துக்கு ஒரு உச்சக்காட்சி வேணும். அதுக்கு 2013-ல மறுக்கா ஷூட்டிங் வெச்சாங்க. குள்ளர்கள் டிராகனோட மல்லுக்கு நிக்கற அந்த நீளமான சண்டை புத்தகத்துல ஒரு வரி கூட இல்லை.

கணக்கையும் பார்த்துருங்க. மூணு ஹாபிட் படமும் திரையரங்கு வடிவத்துல 169, 161, 144 நிமிஷம். மொத்தம் 474. நாவல்ல 19 அத்தியாயம். அத்தியாயத்துக்கு சராசரி 25 நிமிஷம். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூணும் 178, 179, 201, மொத்தம் 558. அந்த நாவல்ல 62 அத்தியாயம். அத்தியாயத்துக்கு 9 நிமிஷம். அங்க சுருக்கினாங்க, இங்க நீட்டினாங்க.

உடுமலை_உடுக்கை:

நீளம் குத்தமில்லைங்க தம்பி. இதை நம்மூர்லயே பார்க்கலாம். அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாப் பாடறப்ப எத்தனை ராத்திரி ஓடுது. பொன்னரும் சங்கரும் படுகளத்துல விழுவாங்கன்னு முன்னாடி உக்காந்திருக்கிற சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும். இருந்தும் விடியற வரைக்கும் யாரும் எந்திரிக்க மாட்டாங்க. ஏன்னா பாடறவர் நீட்டறது கதைக்குள்ள ஏற்கெனவே இருக்கிற எடத்தைத்தான். அவங்க தங்கச்சி தங்காள் அழுகறதை ஒரு ராத்திரி நீட்டலாம். அந்த அழுகை கதைக்குச் சொந்தம்.

ஹாபிட்லயும் அப்படி நீட்டத் தோதான எடம் இருக்குது. ஏழாம் அத்தியாயத்துல கரடியா உருமாறுற பியோர்ன் வீட்டுக்குப் போறது. பதிமூணு குள்ளரும் ஒட்டுக்காப் போனா அந்த ஆள் விரட்டிருவாருன்னு, மந்திரவாதி காண்டால்ஃப் கதை சொல்லிக்கிட்டே இருக்க, ரெண்டு ரெண்டு பேரா வந்து சேருவாங்க. கதை பாதியில நிக்கறதால பியோர்ன் மேல கேக்கறதுக்காகவே வந்தவங்களை உள்ளே விட்டுர்றாரு. கதை சொல்றதோட பலத்தைக் காட்டற இடம் அது. திரையரங்குல வந்த வடிவத்துல அதைத் தூக்கிட்டு, கரடி துரத்த எல்லாரும் வீட்டுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்தறதா வெச்சாங்க. நீட்ட வேண்டியதை வெட்டி, இல்லாததை நீட்டினா எப்படிங்க?

பவானி_பரிசல்:

எல்ஃப் ராஜாவோட சிறையில இருந்து ஆத்து வழியாத் தப்பிக்கற பீப்பாய்க் காட்சி பத்தி. புத்தகத்துல மூடி போட்ட பீப்பாய். உள்ளே வைக்கோல் வெச்சு அடைச்சு, ஆடாம அனுப்புவாங்க. வெளிய வரும்போது பாதி உசுரோட வருவாங்க. மோதிரம் போட்டு மறைஞ்சிருக்கிற பில்போ மட்டும் ஒரு காலிப் பீப்பாய் மேல தொத்திக்கிட்டு, அது உருள உருள நனைஞ்சு, ஏரி ஊர் விருந்துல சளியோட உக்காந்திருப்பான். படத்துல மூடி இல்லை; குள்ளர்கள் நின்னுக்கிட்டே கோடாலி வீசறாங்க.

இது ஏன் ஆகாதுன்னு கணக்காவே சொல்லிர்றேன். பீப்பாய் 225 லிட்டர், ஒசரம் 95 செ.மீ., விட்டம் சராசரி 65 செ.மீ.ன்னு வெச்சுக்கலாம். மரமும் இரும்புப் பட்டையும் சேர்ந்து 50 கிலோ. உள்ளே 70 கிலோ ஆள். மொத்தம் 120 கிலோ, அப்ப 120 லிட்டர் தண்ணியைத் தள்ளும். ஏறக்குறைய 37 செ.மீ. ஆழம் முங்கும். மிதக்கறதுல சிக்கலே இல்லை. நிமிர்ந்து நிக்கறதுலதான் சிக்கல். இந்த அகலத்துக்கு, சாஞ்சா மறுக்கா நிமிர்த்தி விடற புள்ளி அடியில இருந்து ஒரு 28 செ.மீ.ல வரும். எடையோட மையம் அதுக்குக் கீழ இருக்கணும். ஆள் நின்னா மையம் 60 செ.மீ.க்கு மேல போயிரும், அந்த நொடியே கவுந்துரும். குந்த வெச்சு உக்காந்தாலும் 39 செ.மீ. பக்கம்தான், அப்பவும் கவுரும்.

சரி, அடியில 60 கிலோ கல்லைப் போட்டு ஆளைக் குந்த வெச்சா? முங்கற ஆழம் 55 செ.மீ. ஆகும், எடை மையம் 30-க்குக் கீழ வந்துரும், நிமிர்த்தற புள்ளி 35-க்குப் போகும். நிக்கும். ஆனா விளிம்பு தண்ணிக்கு மேல 40 செ.மீ.தான் மிச்சம். பாறைச் சரிவுல ஒரு அலை உள்ளே வந்தா இருபது முப்பது லிட்டர். உள்ளே வந்த தண்ணி எப்பவும் சாயற பக்கமே ஓடும். அதனால அதே எடையுள்ள கல்லை விட தண்ணி மோசம்.

பரிசல் ஏன் கவுரறதில்லைன்னா அகலம். ரெண்டு மீட்டர் விட்டம், ஆழம் ஒரு சாண் கூட முங்காது. அதுலயே துடுப்புப் போடறவர் உக்காந்துதான் போடுவாரு.

குண்டுக் குள்ளர் பாம்பர் பீப்பாயோட பக்கவாட்டுல ரெண்டு கையையும் வெளிய நீட்டிச் சுழலறது இன்னொன்னு. பீப்பாய்ப் பலகையை ஆணி பிடிக்கறதில்லை, வெளிய இருக்கிற பட்டைதான் இறுக்கிப் பிடிக்குது. ரெண்டு பலகை ஒடைஞ்சா இறுக்கம் போயி மிச்சப் பலகையும் கழண்டுக்கும். கை வெளிய வர்ற அந்த நிமிஷமே அது பீப்பாய் இல்லை, வெறகு.

எடுத்தவங்க பாடுபட்டாங்க, அதை மறுக்கலை. நியூசிலாந்து பெலோரஸ் ஆத்துல கொஞ்சம், கட்டின வாய்க்கால்ல கொஞ்சம்னு எடுத்தாங்க. நடுவுல சின்னக் கையடக்கக் கேமராவுல எடுத்த துண்டுகள் ஒட்டாமத் தனியாத் தெரியும். பெரிய திரையில பார்த்தா கண்ணுல குத்தும்.

நாமக்கல்_வாசகி:

பரிசல் அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் மூடிய பீப்பாய்க்குள் பதிமூன்று பேர் கிடக்க, திரையில் எதைக் காட்டுவது? புத்தகத்தில் பில்போவின் மனம் நமக்குத் தெரிகிறது, அதனால் இருபது பக்கம் தாங்குகிறது. கேமராவுக்கு முகம் வேண்டும். மூடியைத் திறந்ததை ஏற்கிறேன். எதிரிகளான ஓர்க்குகளை அங்கே கொண்டுவந்ததைத்தான் ஏற்கவில்லை. ஒருவரும் பார்க்காமல் தப்பித்ததுதான் பில்போவின் திறமை. படத்தில் வழி முழுக்க எல்லாரும் பார்க்கிறார்கள்.

பீளமேடு_வார்ப்படம்:

தங்கச் சிலைக்கு வர்றேனுங்க. பவுண்டரிக் கண்ணோட பார்த்தா அந்தக் காட்சியில எது சரி, எது தப்புன்னு பிரிச்சுச் சொல்லலாம்.

உலையை டிராகன் நெருப்பால பத்த வெக்கறது நம்பறாப்லதான் இருக்கு. தங்கம் உருகறது 1064 டிகிரியில. நம்ம பக்கம் பம்புக்கு ஊத்தற வார்ப்பிரும்பு மெட்டலை 1350, 1400 டிகிரியில ஊத்தறாங்க. அதை விடத் தங்கம் லேசு.

சிக்கல் அதுக்கப்புறம். தரையில வெட்டின கல் வாய்க்கால்ல மெட்டல் நெடுந்தூரம் ஓடுது. வாய்க்கால் சில்லுனு கெடக்குது. உருகு நிலைக்கு மேல ஒரு 100 டிகிரி எச்சா சூடு வெச்சிருந்தாலும், பாதி வழியிலயே விளிம்புல இருந்து உறைய ஆரம்பிச்சிரும். தங்கம் இரும்பை விட நாலு மடங்கு வெப்பத்தைக் கடத்தற உலோகம். பவுண்டரியில மெட்டலை மொண்டு ஊத்தற லேடிலையே முன்கூட்டிச் சூடு பண்ணாம ஊத்த மாட்டாங்க. ரெண்டாவது ஈரம். பல வருஷம் மலைக்குள்ள கெடந்த கல் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு. கல்லுல ஊறின தண்ணி ஒரு துளி ஆவியானாலே ஆயிரம் மடங்குக்கு மேல விரியும். மெட்டல் தெறிச்சு ஆளை அடிக்கும். மோல்டைக் காய வெக்காம ஊத்தறதுதான் எந்தப் பவுண்டரியிலயும் முதல் விபத்து.

மூணாவது, அழுத்தம். உருகின தங்கம் ஒரு கன மீட்டர் 17 டன்னுக்கு மேல. சிலை 10 மீட்டர் ஒசரம்னு வெச்சா, அடியில ஒரு சதுர செ.மீ.க்கு 17 கிலோ அழுத்தும். வார்ப்பிரும்பா இருந்தா இதுல பாதி கூட வராது. அந்த மோல்டைச் சங்கிலியால கட்டி வெச்சிருக்காங்க. சேர்ற எடத்துல பிதுங்கி ஒழுகிரும், சிலை ரொம்பறதுக்கு முன்னாடியே.

ஒன்னு மட்டும் நல்லாப் பண்ணியிருக்காங்க. மோல்டைப் பிரிச்சதும் சிலை ஒரு கணம் முழுசா நிக்குது, அப்புறம் கண்ணுல இருந்து பொத்துக்கிட்டு வழிஞ்சு சரியுது. மெட்டல் வெளிய இருந்து உள்ளாறத்தான் உறையும். தோல் மட்டும் கெட்டியாகி உள்ளே கொழம்பா இருக்கறப்ப மோல்டைப் பிரிச்சா அப்படித்தான் ஆகும். அத்தனாம்பெரிய உருப்படி முழுசா உறையறதுக்கு நாள் கணக்குல விடணும். அதுல அவங்களை மெச்சத்தான் வேணும்.

குள்ளர் தலைவர் தோரின் தள்ளுவண்டியில ஏறித் தங்க ஆத்துல போறது பத்தியும் கேப்பீங்க. மிதக்கும். இரும்போட அடர்த்தி 7.8, உருகின தங்கம் 17. இரும்புத் தகடு அதுல கட்டை மாதிரி மிதக்கும், உருகவும் செய்யாது, இரும்பு உருக 1538 டிகிரி வேணும். ஆனா கொஞ்ச நேரத்துலயே தகடு செவந்துரும். கைப்பிடியைப் பிடிச்சிருக்கிற கையும், பக்கத்துல வீசற அனலும் ஆளைச் சும்மா விடாது.

எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி இருக்குதுங்க. வயித்துக்குள்ளயே நெருப்பை வெச்சிருக்கிற ஒன்னை சூட்டால கொல்லலாம்னு, மலைக்குள்ள பொறந்து வளர்ந்து உலோகம் தெரிஞ்ச குள்ளர்கள் எப்படி நினைப்பாங்க? அந்தச் சாதியோட தொழிலறிவையே அந்தத் திட்டம் கொறைச்சுக் காட்டுது.

காங்கேயம்_வாசகர்:

கடைசியில கேட்டீங்களே, அதுதானுங்க சேதி. புத்தகத்துல குள்ளர்கள் டிராகனோட மோதறதே இல்லை. அந்தப் பயம் அவங்களுக்குச் சரியாப் பொருந்துது.

மலைக்குள்ள போற ரகசியக் கதவு பத்தி யாராச்சும் சொல்லுங்க.

கோபி_பிறை:

சொல்றேனுங்க. அந்தக் கதவோட சாவித் துவாரம் தெரியற டூரின் நாள்ங்கறது இலையுதிர் காலத்தோட கடைசி நிலாவும் சூரியனும் ஒண்ணா வானத்துல நிக்கற நாள். குள்ளர்களுக்கு வருசப் பொறப்பு. புத்தகத்துல பொழுதோட நேரம், மேக்க பார்த்த பாறை. குருவி நத்தையைக் கல்லுல தட்டுது. சூரியன் முங்கறப்ப மேகத்தைப் பொத்துக்கிட்டு ஒரு செவந்த கதிர் பாறையில விழுது, ஒரு சில்லு பேந்து விழுது, சாவித் துவாரம் தெரியுது. மெல்லிசான பிறை அதே மேக்கால நிக்குது. வானக் கணக்குப்படி இது அச்சுப் பிசகாம இருக்கு. அமாவாசை கழிஞ்சு நாம கும்பிடற மூணாம் பிறையும் மேக்க, பொழுது முங்கின கையோடதான் தெரியும். ரெண்டு மணி நேரத்துல அதுவும் முங்கிரும்.

படத்துல சூரியன் முங்கிருது, துவாரம் தெரியலை, குள்ளர்கள் சாவியைப் போட்டுட்டு நடையைக் கட்டறாங்க. பில்போ மட்டும் நிக்கறான், நிலா வெளிச்சத்துல துவாரம் தெரியுது. கடைசி வெளிச்சம்னா நிலா வெளிச்சம்தான்னு விடுகதை மாதிரித் திருப்பியிருக்காங்க. பில்போவோட பொறுமைக்கு மதிப்புக் குடுக்குது, அந்த வகையில நல்லாத்தான் இருக்கு. ஆனா பொழுது முங்கின கையோட மேக்க நிக்கற புது நிலான்னா அது மெல்லிசு பிறையாத்தான் இருக்க முடியும். அந்தப் பிறை வெளிச்சத்துல பாறையில கோடு போட்டாப்ல ஒளி விழாது. இன்னொரு கொறை: ஒம்பது குள்ளரு அத்தனை தூரம் நடந்து வந்து, அரை நாழிகை கூடக் காத்திருக்காம திரும்பிப் போவாங்களா? தோரினோட பிடிவாதத்துக்கு அது ஒவ்வலை.

குருவியும் அங்கயே அடிபட்டுப் போச்சு. கதவைத் தட்டிக் காட்டுது, அதோட சரி. பார்டுகிட்டத் தூது போற சோலி அதுக்கு இல்லை.

நாமக்கல்_வாசகி:

எல்லாரும் குறையே சொல்கிறீர்கள். படம் புத்தகத்தை விட நன்றாகச் செய்த மூன்று இடங்களையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் பார்ட். நாவலில் அவர் பெயர் வருவதே பதினான்காம் அத்தியாயத்தில்தான். அதே அத்தியாயத்தில் டிராகனைக் கொன்றுவிடுகிறார். அதுவரை நாம் அறியாத ஒருவர் கதையின் மிகப் பெரிய செயலைச் செய்கிறார். படத்தில் அவர் படகுக்காரர், மூன்று பிள்ளைகளின் தந்தை, ஊர்த் தலைவரோடு பகை, முன்னோர் தவறவிட்ட அம்பின் சுமை என்று எல்லாம் முன்பே கிடைக்கின்றன. கறுப்பு அம்பு கையால் எய்வதாக இல்லாமல் பொறியில் வைத்து விடும் பெரிய ஈட்டியாக மாறியதும் பொருத்தம்தான். அந்த உடம்பைத் துளைக்க அந்த எடை வேண்டும்.

இரண்டாவது, திருடன் எதற்கு என்ற கேள்வி. ஒரே ஒரு ஆள் மலையளவு தங்கத்தை எப்படித் தூக்கி வருவான் என்பதற்கு நாவலில் தெளிவான விடை கிடையாது. படத்தில் குள்ளர்களின் அரச மணியான ஆர்க்கன்ஸ்டோன் இருந்தால்தான் ஏழு குலங்களும் தோரினின் பின்னால் வரும், அந்த ஒரு கல்லை எடுக்கத்தான் திருடன் என்று வைத்தார்கள். இது திடமான காரணம்.

மூன்றாவது, மிர்க்வுட் காட்டில் மோதிரம் கீழே விழுந்து, அதற்காக பில்போ ஒரு பிராணியை வெறியோடு குத்திக் கொன்றுவிட்டு, தன் கையையே பார்த்துத் திகைக்கும் இடம். நாவலில் இல்லை. 1937-ல் எழுதியபோது டோல்கீனுக்கே அது வெறும் மறைய வைக்கும் மோதிரம்தான். பின்னால் வந்த பெரிய நாவலான லார்ட் ஆஃப் தி ரிங்ஸுக்கு ஒத்துப்போக, விடுகதைப் போட்டி வரும் அத்தியாயத்தை 1951 பதிப்பில் அவரே மாற்றி எழுதினார். படம் செய்ததும் அதே திசையில் இன்னும் ஓர் அடி.

காங்கேயம்_வாசகர்:

மூணும் ஏத்துக்கறேன் அக்கா. ஆர்க்கன்ஸ்டோன் விஷயம் நெசமாவே புத்தகத்தோட ஓட்டையை அடைச்சுது. ஆனா கிண்ணத்தையும் வெச்சிருக்கலாமே? கல்லைத் தேடிப் போனவன் பயத்துல கைக்கு அகப்பட்ட கிண்ணத்தோட ஓடி வந்தான்னு ஒரு ரெண்டு நிமிஷம் போதும்.

அந்த 1951 திருத்தத்தைச் சொன்னதால ஒன்னு. 1960-ல டோல்கீன் ஹாபிட்டை முழுசா, பெரிய நாவலோட தொனியில திருப்பி எழுதிப் பார்த்தாரு. சில அத்தியாயத்தோட நிறுத்திட்டாரு. விளையாட்டுத்தனமாக் கதை சொல்ற குரல் போனா அது ஹாபிட்டே இல்லைன்னு ஆயிருது. படம் எடுத்தவங்க மாட்டினதும் அதே முட்டுச் சந்துல.

திருப்பூர்_திரை:

டோல் குல்டூர்க் கோட்டைக் காட்சிகளையும் விட்டுறக் கூடாதுங்க. காண்டால்ஃப் அங்க போறது கற்பனை இல்லை, பெரிய நாவலோட பின்னிணைப்புல இருக்கறதுதான். தேதியைத்தான் மாத்தினாங்க. மூலத்துல காண்டால்ஃப் மூன்றாம் யுகம் 2850-லயே அங்க போயி, சிறையில கெடந்த தோரினோட அப்பா திரைன்கிட்ட வரைபடமும் சாவியும் வாங்கி, அங்க இருக்கறது பெரிய நாவலோட வில்லன் சௌரான்தான்னும் தெரிஞ்சுக்கிட்டாரு. பயணம் நடக்கறது 2941-ல. 91 வருசம் முன்னாடியே தெரிஞ்சதால்தான் வடக்க இருக்கிற டிராகனை முன்கூட்டி ஒழிக்கணும்னு குள்ளர்களைக் கிளப்பறாரு. படத்துல பயண நடுவுலதான் கண்டுபிடிக்கறாரு. அப்ப அவரு எதுக்கு இந்தப் பயணத்தைக் கிளப்பினாருங்கற காரணம் பலவீனமாயிருது. வாசகர் அண்ணா சொன்ன அதே அறுப்புத்தான்.

மறுக்கா பார்க்கறவங்க நீட்டிச்ச பதிப்பைப் பாருங்க, 186 நிமிஷம். பியோர்ன் வீட்டுக்கு ரெண்டு ரெண்டு பேரா வர்றதும், மந்திர ஆத்துல பாம்பர் விழுந்து தூங்கறதும், திரைனும் அதுலதான். டிவியில பார்க்கறப்ப அசைவை வழுவழுப்பாக்கற வசதியை முதல்ல நிறுத்திருங்க. படம் நொடிக்கு 48 பிரேம்ல எடுத்தது, ஆனா டிஸ்க்ல வந்தது 24 பிரேம். டிவி நடுவுல தானா பிரேம் செஞ்சு செருகினா சீரியல் மாதிரி ஆயிரும், பீப்பாய்க் காட்சியில விளிம்பெல்லாம் கலங்கும். ஸ்மௌக் குரல் அடித்தொண்டையில வர்றதால நடு ஸ்பீக்கரை ரெண்டு மூணு டெசிபல் ஏத்தி வெச்சா வார்த்தை தெளிவாக் கேக்கும்.

கோபி_பிறை:

ஸ்மாக்கா, ஸ்மௌக்கா? நம்ம பக்கம் ரெண்டு மாதிரியும் சொல்றாங்க.

நாமக்கல்_வாசகி:

ஸ்மௌக். நம்முடைய ஔ எழுத்து அப்படியே பொருந்துகிறது. சௌரானும் அப்படித்தான். துளைக்குள் நெருக்கி நுழைவது என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வினைச்சொல்லின் இறந்தகால வடிவத்திலிருந்து டோல்கீன் எடுத்த பெயர் அது.

பவானி_பரிசல்:

ஒம்பது பத்து வயசுக் கொழந்தைகளுக்கு எதை முதல்ல குடுக்கலாமுங்க, படமா புத்தகமா?

காங்கேயம்_வாசகர்:

புத்தகம். ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் சத்தமாப் படிச்சுக் காட்டினா 19 ராத்திரி. ஏழுல இருந்து பதினாலு வரைக்கும் முடிச்சுட்டு ரெண்டாம் படத்தைப் போடுங்க. பதினாலை விட்டுறாதீங்க, டிராகன் சாகறது அதுலதான். படம் அது ஊரை நோக்கிப் பறக்கறதோட நின்னுரும், சாவு மூணாம் படத்துல தலைப்பு வர்றதுக்கு முன்னாடி. சிலந்திக் காட்சி படத்துல ரொம்பக் கொடூரமா இருக்குது, சின்னதுக இருந்தா அதை ஓட்டி விட்டுருங்க. புத்தகத்துல அதே இடத்துல பில்போ பாட்டுப் பாடிச் சிலந்திகளைச் சீண்டுவான், அதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.